ஒரு சாவு, நாலு புத்தகம்: லாப்ரடார் பயண நூல்களைப் பின்பக்கத்திலிருந்து வாசித்தல்

கனடாவில் ஆறும் ஏரியும் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில், வார இறுதியில் சில கூட்டங்கள் கூடும். கோடையில் ஆள் நடமாட்டமே இல்லாத வடக்கு ஆறுகளில் வாரக்கணக்கில் கனூ ஓட்டிவிட்டு வருகிறவர்கள் ஓர் அரங்கில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் படம் காட்டி, போன கதை வந்த கதை சொல்லிக்கொள்வார்கள். டொராண்டோவில் ஜார்ஜ் லூஸ்டே என்ற இயற்பியல் பேராசிரியர் பல ஆண்டுகள் நடத்திய கனூக் கருத்தரங்கு இவற்றில் பெயர்பெற்றது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஃபேர்லீயிலும் இப்படி ஒரு கூடுகை உண்டு.

கனூ தெரியாதவர்களுக்கு: இரண்டு முனையும் கூரான, மேல்மூடி இல்லாத, துடுப்பால் ஓட்டும் ஒல்லியான படகு. அதன் பெரிய வசதி, ஆற்றில் போக முடியாத இடம் வந்தால் அதைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அருவி வந்தால் நடை, பாறை வந்தால் நடை. வடக்குப் பயணங்களில் பாதி அந்தச் சுமைநடைதான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அவர்களுடைய வாசிப்பு. நூறு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆய்வுப் பயணிகளின் நூல்களை அவர்கள் அலமாரி அழகுக்கு வைத்திருப்பதில்லை. கையில் எடுத்துக்கொண்டு அதே ஆற்றில் போகிறார்கள். 'இந்த வளைவுக்கு அப்பால் அருவி' என்று 1905ல் ஒருவர் எழுதியிருந்தால் அங்கே அருவி இருக்கிறதா என்று உடம்பால் சரிபார்க்கிறார்கள். ஒரு புத்தகத்தை இப்படிச் சோதிக்கும் வாசகர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்? நான் துடுப்பு பிடித்தவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த வகை நூல்களைப் பல வருஷமாகச் சேர்த்து வாசித்துவருகிறேன்.

அப்படி வாசித்ததில் எனக்குள்ள ஒரு மனத்தாங்கலைத்தான் இங்கே எழுதுகிறேன். இவர்களுடைய வாசிப்பு எண்களிலும் 'முதல்' என்ற சொல்லிலும் சிக்கிக்கொள்கிறது. யார் முதலில் போனார்கள், எத்தனை நாளில் போனார்கள், யார் எங்கே தப்பான ஆற்றில் திரும்பினார்கள். இந்தக் கேள்விகள் தேவைதான். ஆனால் இவற்றை மட்டும் கேட்டால் ஒரு நூலில் உள்ள மிக நல்ல பகுதி கண்ணிலேயே படாமல் போய்விடும். அதற்கு லாப்ரடார் பயணங்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1903: புள்ளிக்கோட்டை நம்பிப் போனவர்கள்

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லியோனிடாஸ் ஹப்பர்ட், நியூயார்க்கிலிருந்து வந்த 'அவுட்டிங்' பத்திரிகையின் உதவி ஆசிரியர். வயது 31. பெயர் வாங்கித்தரும் ஒரு பெரிய பயணம் போய் எழுத வேண்டும் என்று ஆசை. கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள லாப்ரடாரின் உள்நாட்டைத் தேர்ந்தெடுத்தார். கடற்கரையிலிருந்து ஆற்றில் ஏறி மிச்சிகமாவ் என்ற பெரிய ஏரியை அடைவது, அங்கிருந்து ஜார்ஜ் ஆற்றில் இறங்கி வடக்கே அன்காவா விரிகுடாவுக்குப் போவது, வழியில் கரிபு மான்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்வதையும் அங்கே வாழும் நாஸ்காபி மக்களையும் பார்ப்பது. திட்டம் இதுதான்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டில்லன் வாலஸ், நியூயார்க் வழக்கறிஞர், நண்பர். இன்னொருவர் ஜார்ஜ் எல்சன். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் கிரீ பழங்குடியினர். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி. ஆனால் அவரும் அதற்குமுன் லாப்ரடாரைப் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களிடம் இருந்த வரைபடம் கனடா நிலவியல் துறையின் ஏ. பி. லோ தயாரித்தது. லோ நேர்மையான மனிதர். தான் பார்த்த இடத்துக்கு முழுக்கோடு, பார்க்காமல் கேட்டுத் தெரிந்துகொண்ட இடத்துக்குப் புள்ளிக்கோடு. எங்கள் தொழிலில், மதிப்பு தெரியாத இடத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவைத்து, 'இது தற்காலிகம்' என்று பக்கத்தில் குறிப்பு எழுதுவோம். ஆறு மாசம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவார். புள்ளிக்கோட்டுக்கும் அதே கதிதான் ஆனது.

1903 ஜூலை 15ல் நார்த் வெஸ்ட் ரிவர் என்ற வணிகநிலையத்திலிருந்து 18 அடி கனூ ஒன்றில் மூவரும் கிளம்பினார்கள். கிராண்ட் ஏரியில் போகும்போது நாஸ்காபி ஆற்றின் வாயைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார்கள். ஏரியின் கோடியில் இருந்த சூசன் ஓடையை அந்த ஆறு என்று நினைத்து அதில் ஏறினார்கள். அது முழுக்கப் பாறையும் முழங்கால் தண்ணீரும். படகில் போனதைவிடப் படகை இழுத்துக்கொண்டு போனது அதிகம். வாரங்கள் போயின, சாப்பாடு தீர்ந்தது. மிச்சிகமாவைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள், போய்ச் சேரவில்லை. காற்று விடாமல் அடித்ததில் ஒரு ஏரியிலேயே முடங்கினார்கள். செப்டம்பர் 15ல் திரும்புவதென்று முடிவு செய்தார்கள். அக்டோபர் 18ல், கிளம்பிய 95ஆம் நாளில், ஹப்பர்டால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை. அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, போகும்போது வழியில் போட்டுவிட்டு வந்த பூசணம் பிடித்த மாவைத் தேடி மற்ற இருவரும் நடந்தார்கள். வாலஸ் மாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஹப்பர்டிடம் திரும்ப வேண்டும், எல்சன் உதவி தேடி மேலே போக வேண்டும் என்று ஏற்பாடு. பனிப்பொழிவில் வாலஸுக்குக் கூடாரம் கிடைக்கவே இல்லை. எல்சன் கிராண்ட் ஏரிக்கரையில் இருந்த ஒரு வேட்டைக்காரர் வீட்டைப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து நாலு பேர் கிளம்பிப் போய் வாலஸை உயிரோடு மீட்டார்கள். ஹப்பர்ட் கூடாரத்திலேயே இறந்துகிடந்தார்.

ஒரு கனவு

இந்தக் கதையில் எல்லாரும் பேசுவது நாஸ்காபி ஆற்றின் வாயைத் தவறவிட்ட அந்த நாளைத்தான். கூடுகைகளில் அலசுவதற்கு ஏற்ற பிழை அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது திரும்பும் வழியில் நடந்த ஒரு பேச்சு.

திரும்பும்போது அவர்கள் ஒரு பெரிய ஆற்றில் கனூவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வந்த வழியே போவதென்றால் ஓர் இடத்தில் கனூவை விட்டுவிட்டுச் சூசன் ஓடைப் பக்கம் நடந்து போக வேண்டும். அப்போது எல்சன் ஒரு கனவைச் சொல்கிறார். கனவில் ஆண்டவர் வந்து, 'இந்த ஆற்றை விடாதே, இதிலேயே போ, இது உங்களைக் கிராண்ட் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்' என்று சொன்னாராம். ஹப்பர்ட் அதை ஏற்கவில்லை. ஆறு எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது, தெரிந்த வழிதான் நல்லது என்பது அவர் கட்சி. கனூவை விட்டுவிட்டு நடந்தார்கள். அந்தப் பெரிய ஆறு, பீவர் ஆறு. அது கிராண்ட் ஏரியில்தான் போய்ச் சேர்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் பலர் ஒரு தற்செயலான அற்புதம் என்கிற மாதிரி இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். என் வாசிப்பு வேறு. எல்சனுக்கு லாப்ரடார் தெரியாது. ஆனால் ஆறு தெரியும். பசியில் கிடக்கிறவன் கனூவையும் ஓடுகிற தண்ணீரையும் விட்டுவிட்டுக் கால்நடையாகக் காட்டுக்குள் இறங்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அதைச் சம்பளம் கொடுக்கும் எஜமானிடம், அதுவும் 1903ல் ஒரு வெள்ளைக்காரரிடம், 'நீங்கள் சொல்வது தப்பு' என்று ஒரு கிரீக்காரர் எப்படிச் சொல்வார்? கனவாகச் சொல்வார். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். 'சார், எனக்கு என்னமோ இது சரியா வரும்னு தோணலை' என்று இளையவர் ஒருவர் இழுத்தால் அங்கே ஓர் உறுதியான தகவல் இருக்கிறது என்று அர்த்தம். கேட்கிற காது வேண்டும், அவ்வளவுதான்.

ஹப்பர்ட் கெட்டவர் இல்லை. எல்சனை அவர் தன் நாட்குறிப்பில் வாயாரப் புகழ்கிறார். ஆனால் புகழ்வது வேறு, பேச்சைக் கேட்பது வேறு.

வாலஸின் புத்தகம்

1905ல் வாலஸ் எழுதிய 'லூர் ஆஃப் தி லாப்ரடார் வைல்ட்' வெளிவந்தது. நல்ல விற்பனை, பல பதிப்புகள். ஹப்பர்டின் மனைவி மினா கேட்டுக்கொண்டு எழுதிய நூல்தான் அது. ஆனால் படித்துப் பார்த்த மினாவுக்குக் கடும் கோபம். தன் கணவரைப் பலவீனமானவராகக் காட்டிவிட்டது என்று கருதினார்.

சும்மா சொல்லக்கூடாது, வாலஸுக்குக் கதை சொல்லத் தெரியும். பசி ஏற ஏற மூன்று பேரும் நியூயார்க் உணவகங்களைப் பற்றியும் இனிப்புப் பண்டங்களைப் பற்றியும் பேசித் தீர்க்கும் இடங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது. நண்பனின் சாவை ஒரு வீரக் கதையாக ஆக்கியே தீர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. அதனால் நடந்த தவறுகள் எல்லாம் விதியாகவும் காட்டின் கொடுமையாகவும் மாறிவிடுகின்றன. கனவை அவர் மறைக்கவில்லை, அப்படியே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதைத் திரும்ப எடுத்து, 'நாங்கள் ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்வியை அவர் போடுவதில்லை. ஒரு விமர்சகனாக அவர் மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான்.

1905: ஒரே நாளில் கிளம்பிய இரண்டு குழு

மினா அடுத்து செய்தது யாரும் எதிர்பாராதது. கணவர் முடிக்காமல் விட்ட பயணத்தைத் தானே முடிப்பதென்று கிளம்பினார். வயது 35. முன்பு செவிலியராக வேலை பார்த்தவர். வாலஸும் நண்பனுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லி அதே பயணத்துக்கு ஒரு குழு சேர்த்தார். இரண்டு குழுவும் 1905 ஜூன் 27ல், ஒரே நாளில், அதே நார்த் வெஸ்ட் ரிவரிலிருந்து கிளம்பின.

மினாவின் குழுவில் எல்சன், அவருடைய நண்பர்கள் ஜோசப் இசர்ஹாஃப், ஜோப் சாப்பீஸ், பிறகு லாப்ரடார் இளைஞர் கில்பர்ட் பிளேக். இந்தக் கில்பர்ட் 1903ல் வாலஸை மீட்கப்போன நாலு பேரில் ஒருவர். இரண்டு கனூ, ஒவ்வொன்றும் 19 அடி.

மினாவின் கணக்குப்படி மொத்தம் 576 மைல், அதாவது சுமார் 927 கிலோமீட்டர். பயணம் செய்த நாள் 43, முகாமில் தங்கிய நாள் 18. கூட்டினால் 61. ஜூன் 27லிருந்து ஆகஸ்ட் 27வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 61 நாள். ஹட்சன் பே கம்பெனியின் கப்பல் 'பெலிக்கன்' வருவதற்குள் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள். வாலஸ் பாதி வழியில் மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொருவரோடு மட்டும், குளிரில் படகு கவிழ்ந்து பிழைத்து, அக்டோபர் 16ல் போய்ச் சேர்ந்தார். 50 நாள் வித்தியாசம்.

இந்த 50 நாளைப் பற்றித்தான் கனூக்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். காரணம் எளிமையானது. நாஸ்காபி ஆற்றின் கடுமையான பகுதியைத் தவிர்க்க வாலஸ் பழைய இந்தியர் நடைபாதையைப் பிடித்தார். நடுவில் அது தொலைந்துபோனது. மினாவின் ஆட்கள் ஆற்றை விடவில்லை. எதிர்நீரில் கம்பு ஊன்றிக் கனூவை மேலே தள்ளுவதில் தேர்ந்த கைகள் அவர்களுடையவை. 'ஆற்றை விடாதே' என்று 1903ல் கனவில் கேட்ட வார்த்தையை 1905ல் எல்சன் நிஜத்தில் செய்து காட்டினார். இந்த முறை குறுக்கே சொல்ல யாரும் இல்லை. மினா அவர் பேச்சைக் கேட்டார். ஒரு தலைவராக மினா செய்த மிகப் பெரிய காரியம் என்று நான் இதைத்தான் சொல்வேன். 'அந்தம்மா துடுப்பே போடவில்லை, படகு நடுவில் உட்கார்ந்து போனார்' என்று குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மினாவின் புத்தகமும் ஒரு மலையும்

1908ல் வந்த 'எ வுமன்ஸ் வே த்ரூ அன்நோன் லாப்ரடார்' மினாவின் நூல். அவருடைய வரைபடம் அதற்கு முன்பே, 1906ல், அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழில் வந்துவிட்டது. லோவின் புள்ளிக்கோடுகள் பலவும் அவர் கையில் முழுக்கோடாயின.

தலைப்பிலேயே 'அறியப்படாத லாப்ரடார்' என்று இருக்கிறது. யாருக்கு அறியப்படாதது? 1838லேயே ஹட்சன் பே கம்பெனியின் ஜான் மக்லீன் ஜார்ஜ் ஆற்றுப் பக்கம் பயணம் செய்தவர். அவருக்கும் முன்னால் இன்னு மக்களுக்கு அது வீடு. மினாவே வழியில் அவர்களுடைய இரண்டு முகாம்களில் இறங்கிப் பேசுகிறார். இன்னும் ஐந்து இரவு தூங்கி எழுந்தால் கடலோர வணிகநிலையம் என்று இரண்டாவது முகாமில் இருந்தவர்கள்தான் அவருக்குத் தூரம் சொன்னார்கள். 'அறியப்படாத' ஊரில் அடுத்த ஊருக்கு எத்தனை நாள் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள், பாருங்கள்.

நூலில் எனக்கு மிகவும் பிடித்ததும் மிகவும் உறுத்துவதும் ஒரே அத்தியாயம்தான். ஆட்கள் சுமை தூக்கிக்கொண்டிருக்கும்போது மினா யாரிடமும் சொல்லாமல் தனியாக ஒரு மலையில் ஏறிவிடுகிறார். நேரம் போகிறது. கீழே நாலு பேருக்கும் பைத்தியம் பிடிக்காத குறை. தேடி அலைகிறார்கள். திரும்பி வந்த மினாவுக்கு முதலில் சிரிப்பு. எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்கும் ஆண்களை ஒருமுறை ஏமாற்றிய சந்தோஷம். 1905ல் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில மணி நேரச் சுதந்திரம் சின்ன விஷயம் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஆட்களின் பக்கம் நின்று வாசியுங்கள். ஏற்கெனவே ஒரு ஹப்பர்டைக் காட்டில் விட்டுவிட்டு வந்தவர் எல்சன். இப்போது அவர் மனைவியையும் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினால் பழங்குடி ரத்தம் உள்ள நாலு ஆண்கள் சொல்வதை எந்த ஊர் நம்பும்? அவர்களுடைய பயம் ஓடும் தண்ணீரைப் பற்றியது மட்டும் இல்லை, மேலே நாம் என்ன பதில் சொல்வோம் என்பதைப் பற்றியது. எல்சன் இதை மினாவிடம் சொல்கிறார். மினா அதை எழுதியும் வைக்கிறார். ஆனால் அதை ஒரு வேடிக்கைச் சம்பவத்தின் முடிவாக எழுதுகிறார். ஒரே நிகழ்ச்சி அவருக்கு விடுமுறை, அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருப்பதால்தான் மினாவின் நூல் வாலஸின் நூலைவிடப் பெரியது. தான் புரிந்துகொண்டதைவிட அதிகமாக அவர் பதிவு செய்துவிட்டார்.

அவனா, அவரா?

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'ஹி'. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அவனா அவரா என்று முடிவு செய்தாக வேண்டும். வாலஸ் தன் நண்பரை 'ஹப்பர்ட்' என்று குடும்பப் பெயரால் எழுதுகிறார், எல்சனை 'ஜார்ஜ்' என்கிறார். மினாவுக்குக் கணவர் 'மிஸ்டர் ஹப்பர்ட்', எல்சன் வெறும் 'ஜார்ஜ்'. இந்த நூல்கள் அந்தக் காலத்தில் தமிழில் வந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு ஹப்பர்டுக்கு 'அவர்', எல்சனுக்கு 'அவன்' என்று போட்டிருப்பார். இருவருமே எல்சனை 'விசுவாசமானவர்' என்கிற தொனியில்தான் பாராட்டுகிறார்கள். விசுவாசம் என்பது வேலைக்காரனுக்குக் கொடுக்கும் பட்டம். இரண்டு பயணத்திலும் ஆற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் அவர் என்பதை அந்தச் சொல் மூடிவிடுகிறது.

பின்பக்கத்தில் இருக்கும் நூல்

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். மினாவின் நூலின் பின்பகுதியில் இரண்டு விஷயங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஹப்பர்டின் 1903 நாட்குறிப்பு. இன்னொன்று கடைசி நாட்களைப் பற்றி எல்சன் எழுதிய வாக்குமூலம். வாலஸின் கதைக்கு எதிரான சாட்சியாகத்தான் மினா இதைச் சேர்த்தார் என்பது வெளிப்படை. சாட்சியாக வந்த அந்தச் சில பக்கங்கள்தான் இந்த மொத்தக் கதையிலும் மிக நல்ல எழுத்து.

எல்சனின் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. வாக்கியங்கள் ஒன்றோடொன்று 'பிறகு', 'பிறகு' என்று கோத்துக்கொண்டு போகும். உவமை கிடையாது. காட்டைப் பற்றி ஒரு வர்ணனை கிடையாது. என்ன சாப்பிட்டோம், எதைச் சுட்டேன், எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கினேன், கட்டைகளைச் சேர்த்து எப்படித் தெப்பம் கட்டினேன், யார் என்ன சொன்னார்கள். ஹப்பர்டிடம் விடைபெறும் இடத்தை அவர் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாலஸின் அதே காட்சிக்குப் போனால், அலங்காரம் எங்கே தொடங்குகிறதென்று விரல் வைத்துக் காட்டலாம்.

அதைவிட முக்கியம், அவர் சொல்லாமல் விட்டது. வாலஸால் கூடாரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதைப் பற்றிக் குற்றம் சொல்ல எல்சனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. நூலை வெளியிடுகிறவரே அதைக் கேட்கக் காத்திருந்தார். அவர் சொல்லவில்லை. தன்னைப் புகழ்ந்துகொள்ளவும் இல்லை. மூன்று நூல் எழுதிய இரண்டு பேரும் செத்தவருக்கு யார் சரியான வாரிசு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நடந்தது இதுதான் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் துறையில் ஒரு பொருள் வெளியானதும் மேடையில் பேசுகிறவர் ஒருவர். யார் எந்த வரியை எழுதினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் மேடைப் பேச்சைக் கேட்டுப் பயனில்லை, மாற்றப் பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டும். எல்சனின் பக்கங்கள் அந்தப் பதிவு.

நாலாவது புத்தகம்

1988ல் ஜேம்ஸ் வெஸ்ட் டேவிட்சன், ஜான் ரக் இருவரும் சேர்ந்து 'கிரேட் ஹார்ட்' எழுதினார்கள். இருவரும் கனூக்காரர்கள். லாப்ரடார் பக்கம் ஓடும் மொய்சி ஆற்றுப் பயணத்தை வைத்து 1976ல் ஒரு கனூக் கையேடும் எழுதியவர்கள். இந்தக் கதையை இன்றைய வாசகர்களிடம் திரும்பக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. நாட்குறிப்புகளை எல்லாம் தேடிப் படித்து, எல்சனைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆற்றைப் பற்றி எழுதும் இடங்களில், தண்ணீரில் இறங்கியவர்கள் எழுதியது என்று வரிக்கு வரி தெரிகிறது. அதற்கு நன்றி.

ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது நாவல் நடை. பாத்திரங்கள் மனசுக்குள் என்ன நினைத்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறார்கள். வாலஸுக்கும் மினாவுக்கும் அது பொருந்தும், அவர்களே நிறையப் பேசியவர்கள். எல்சனுக்குப் பொருந்தாது. சொல்லாமல் விடுவதுதான் அவருடைய நடை. அந்த மௌனத்தை வேறொருவர் வந்து நிரப்பும்போது, எவ்வளவு அன்போடு செய்தாலும், மறுபடியும் அவருக்குப் பதிலாக இன்னொருவர் பேசுகிறார்.

தண்ணீர் போன ஆறு

இன்று அந்த வழியில் அப்படியே போக முடியாது. 1967ல் தொடங்கிய சர்ச்சில் ஃபால்ஸ் மின்திட்டத்துக்காக 88 கரைகள் கட்டி உருவாக்கிய ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்தில் மிச்சிகமாவ் ஏரி கரைந்துபோனது. பரப்பு 6,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நாஸ்காபி ஆற்றின் தலைப்பகுதித் தண்ணீரும் அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது. இன்னு மக்களின் வேட்டை நிலங்களும் கல்லறைகளும் தண்ணீருக்குள் போயின, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே. ஓர் ஊரை 'அறியப்படாதது' என்று புத்தகத் தலைப்பில் போடுவதற்கும், அறுபது வருஷம் கழித்து அங்கே யாருமே இல்லை என்கிற மாதிரித் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பழக்கம் ஒன்றுதான்: அங்கே இருக்கிறவர் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்ளாத பழக்கம்.

ஆகவே பழைய வழியை உடம்பால் சரிபார்க்கும் வேலை இனி அங்கே பாதிதான் நடக்கும். மிச்சம் இருப்பது வாசிப்பு. அதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

என் பரிந்துரை: மினாவின் நூலைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் எல்சன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடுத்து ஹப்பர்டின் நாட்குறிப்பு, முக்கியமாக அக்டோபர் மாதம். அதற்குப் பிறகு மினாவின் பயணம், மலை ஏறும் அத்தியாயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாக. வாலஸின் இரண்டு நூல்களும் கடைசியில். 'கிரேட் ஹார்ட்' எல்லாம் முடிந்த பிறகு. இதைத் தவிர மற்ற பழைய நூல்கள் எல்லாம் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த வரிசையில் வாசித்தவர்களுக்கு எல்சனைப் பற்றி என்ன தோன்றியது என்று எழுதுங்கள். அடுத்த குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.